ஆறு ரூபாய் வித்தியாசம்: தள்ளுபடி விலை ஒரு வீடியோ பார்மட்டை ஜெயிக்க வைக்குமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எல்லாம் சரி, இதில் சிடி எங்கே போடுவது?" நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். இன்று விற்பனைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவ் கிடையாது. ஆனால் வீட்டு அலமாரியில் கல்யாண சிடி இருக்கிறது, காதுகுத்து டிவிடி இருக்கிறது, பழைய படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

ஒரு காலத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்த பொருள் எப்படிக் காணாமல் போகிறது? நல்ல தரமான பார்மட் ஜெயித்து, மட்டமானது தோற்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை எழுதியது கடைக்காரரின் விலைச் சீட்டு. தள்ளுபடி விலை ஒரு பார்மட்டை எப்படித் தூக்கி விடுகிறது, எப்போது தூக்கிவிட முடியாமல் போகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். கடைசியில், உங்கள் வீட்டு சிடிக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வழியும் இருக்கிறது.

பார்மட் என்றால் என்ன?

தகவலை எந்த முறையில் எழுதி வைக்கிறோம், எந்த முறையில் திரும்பப் படிக்கிறோம் என்பதற்கான ஒப்பந்தம்தான் பார்மட். தமிழில் எழுதிய கடிதத்தைத் தமிழ் தெரிந்தவர்தான் படிக்க முடியும். அதுபோல ஒரு பார்மட்டில் பதிந்த டிஸ்க்கை அந்த பார்மட் தெரிந்த பிளேயர்தான் ஓட்டும்.

இதனால் வீடியோ பார்மட்டை வாங்குவது சட்டை வாங்குவது போல அல்ல. சட்டை பிடிக்கவில்லை என்றால் அதோடு போயிற்று. பார்மட்டில் பிளேயர் ஒரு செலவு, அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு செலவு. பார்மட் செத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தச் சண்டை புதிதல்ல. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975 இல் வந்தது. ஜேவிசியின் விஎச்எஸ் 1976 இல் வந்தது. ஆரம்பத்தில் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், விஎச்எஸ் கேசட்டில் இரண்டு மணி நேரம். பல கம்பெனிகள் விஎச்எஸ் டெக் தயாரித்ததால் விலையும் இறங்கியது. நம் ஊர் வீடியோ லைப்ரரிகளிலும் கடைசியில் விஎச்எஸ் கேசட்தான் நிறைந்தது.

விசிடியும் டிவிடியும்: ஒரு சின்ன ஒப்பீடு

விசிடி பார்மட் 1993 இல் வரையறுக்கப்பட்டது. சாதாரண ஆடியோ சிடியின் அதே தகடுதான். அதில் எம்பெக்-1 முறையில் 74 நிமிடம் வீடியோ பதியலாம். நம் நாட்டில் வழங்கும் பால் முறையில் படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு டிஸ்க் போதாது, சில நிமிடங்களுக்காக மூன்றாவது டிஸ்க் தேவைப்படும். இரண்டிலேயே அடைக்க வேண்டுமானால் ஒரு பாட்டையோ காமெடியையோ வெட்டுவார்கள்.

டிவிடி 1996 இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. எம்பெக்-2 முறையில் 720 x 576 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். விசிடியில் ஒரு படச் சட்டத்துக்கு 1,01,376 புள்ளிகள், டிவிடியில் 4,14,720 புள்ளிகள். ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே இரண்டரை மணி நேரப் படம் ஒரே டிஸ்க்கில் வெட்டில்லாமல் அடங்கும்.

தரத்தில் போட்டியே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல வருடங்கள் விசிடிதான் ராஜா. காரணம் விலை. விசிடி பிளேயரும் மலிவு, டிஸ்க்கும் மலிவு. திருட்டு டிஸ்க் விற்பவர்களுக்கும் அதுதான் வசதி. "திருட்டு விசிடி" என்ற சொல்லே அப்படித்தான் நிலைத்தது. 2004 இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருட்டையும் கொண்டுவந்தது என்றால் அந்தத் தொழில் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

28 ரூபாய் விசிடி, 34 ரூபாய் டிவிடி

இந்த நிலையில்தான் 2007 இல் ஒரு விலை வந்தது. மோசர் பேயர் என்ற இந்தியக் கம்பெனி, படங்களின் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. 1983 இல் டெல்லியில் தொடங்கிய கம்பெனி அது. பிளாப்பி தயாரித்து, பிறகு எழுதும் சிடி தயாரித்து, உலகின் பெரிய ஒளித்தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. தகடு தன்னுடையது, தொழிற்சாலை தன்னுடையது. படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி, மிகக் குறைந்த லாபத்தில் மிக அதிகமாக விற்பது என்பது கணக்கு.

அதற்கு முன் ஒரிஜினல் டிவிடி என்றால் சில நூறு ரூபாய். திருட்டு டிஸ்க் முப்பது, நாற்பது. இப்போது ஒரிஜினலே திருட்டு விலையில்.

அப்போது நான் பள்ளி மாணவன். என் மாமா செங்கல்பட்டு ராட்டிணக்கிணறு பக்கம் ஒரு சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். அந்த 28 ரூபாய் டிஸ்க்குகள் சிடி கடைக்கு மட்டும் வரவில்லை. மளிகைக் கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் தொங்கின. மாமா அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அரிசி வாங்கப் போனவன் படமும் வாங்கிட்டு வந்தான்னா, அப்புறம் நம்ம கடைக்கு எதுக்குடா வருவான்?"

அவர் கணக்கு சரி. உதாரணத்துக்கு ஒரு நாள் வாடகை பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை மூன்று முறை வாடகைக்கு எடுத்தால் சொந்தமாகவே வாங்கிவிடலாம். திருட்டு டிஸ்க்கைக் குறிவைத்த தள்ளுபடி, வாடகைக் கடையையும் சேர்த்தே அடித்தது.

இரண்டு விலைக்கும் இடையில்தான் விஷயம்

பலரும் 28 என்ற எண்ணைப் பார்த்தார்கள். நான் பார்க்கச் சொல்வது 34 கழித்தல் 28. அந்த ஆறு ரூபாயை.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் விசிடி பிளேயர் மட்டும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு டிவிடியை இலவசமாகக் கொடுத்தாலும் பயனில்லை, ஓடாது. இரண்டாவது வீட்டில் டிவிடி பிளேயர் இருக்கிறது. டிவிடி பிளேயர் விசிடியையும் ஓட்டும். அதனால் அவருக்கு இரண்டில் எதையும் வாங்கலாம் என்ற சுதந்திரம் உண்டு.

விசிடிக்கும் டிவிடிக்கும் நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தால், பத்துப் படத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல். டிவிடி பிளேயர் வைத்திருப்பவரே விசிடி வாங்குவார். பிளேயர் இல்லாதவருக்கு அதை வாங்கும் எண்ணமே வராது. வித்தியாசம் ஆறு ரூபாய் என்றால் பத்துப் படத்துக்கு அறுபது ரூபாய்தான். அறுபது ரூபாய்க்கு நான்கு மடங்கு தெளிவு, படத்தின் நடுவே எழுந்துபோய் டிஸ்க் மாற்றும் வேலை இல்லை. இப்போது டிவிடி பிளேயர் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கும்.

அதே காலத்தில் டிவிடி பிளேயர் விலையும் சரிந்தது. சீனாவில் தயாரான உதிரி பாகங்களோடு, எம்பி3 பாட்டும் ஓட்டும் மலிவு பிளேயர்கள் குவிந்தன. 2006 இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. டிவி வந்த வீட்டுக்கு அடுத்த தேவை பிளேயர். விசிடி பிளேயரா, டிவிடி பிளேயரா என்று யோசிக்கும் நேரத்தில் டிஸ்க் விலை ஏறக்குறைய சமமாகிவிட்டது. அந்த இடத்தில் விசிடி தோற்றது.

இதிலிருந்து முதல் பாடம்: தள்ளுபடி எவ்வளவு என்பதை விட, போட்டிப் பொருளுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது பாடம்: பழையதையும் ஓட்டும் புதிய கருவிக்குத் தள்ளுபடி கொடுத்தால் அது வேகமாக வேலை செய்யும். டிவிடி பிளேயர் வாங்கியவர் பழைய விசிடிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

98 டாலர் பிளேயர்: தள்ளுபடி தோற்ற கதை

நம் ஊரில் 34 ரூபாய் டிவிடி விற்ற அதே 2007 இல், அமெரிக்காவில் அடுத்த தலைமுறைச் சண்டை உச்சத்தில் இருந்தது. ஒரு பக்கம் தோஷிபாவின் எச்டி டிவிடி. மறு பக்கம் சோனி அணியின் புளூ-ரே. இரண்டும் நீல-ஊதா நிற லேசரைப் பயன்படுத்துபவை. டிவிடியின் சிவப்பு லேசரின் அலை நீளம் 650 நானோமீட்டர், இதன் அலை நீளம் 405 நானோமீட்டர். எழுதும் முனை கூர்மையானால் ஒரே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா, அது போலத்தான். ஓர் அடுக்கில் எச்டி டிவிடி 15 ஜிபி, புளூ-ரே 25 ஜிபி கொள்ளும்.

எச்டி டிவிடிக்கு ஒரு வசதி இருந்தது. அதன் தகடு அமைப்பு டிவிடியை ஒத்தது. பழைய டிவிடி தொழிற்சாலையையே கொஞ்சம் மாற்றித் தயாரிக்கலாம். அதனால் மலிவு. 2006 இல் தோஷிபாவின் முதல் பிளேயர் 499 டாலர். அதே ஆண்டு வந்த சாம்சங் புளூ-ரே பிளேயர் 999 டாலர்.

2007 நவம்பர் 2 ஆம் தேதி வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் எச்டி டிவிடி பிளேயர் 98.87 டாலருக்கு விற்கப்பட்டது. அந்த வார இறுதியில் சுமார் 90,000 பிளேயர்கள் விற்றதாக அப்போது செய்திகள் வந்தன. போட்டி முடிந்தது, எச்டி டிவிடி ஜெயித்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் பிரதர்ஸ் இனி புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 15 அன்று அதே வால்மார்ட் எச்டி டிவிடியைக் கைவிடுவதாகச் சொன்னது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா முழுவதுமாக விலகியது. 98 டாலர் விற்பனையிலிருந்து எண்ணினால் 109 நாள்.

ஏன் தள்ளுபடி காப்பாற்றவில்லை? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, புளூ-ரே அணியின் தள்ளுபடி கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 கேம் கருவிக்குள்ளேயே புளூ-ரே பிளேயர் இருந்தது. 2006 நவம்பரில் அதன் விலை 499 டாலரிலிருந்து தொடங்கியது. அடக்க விலைக்கும் கீழே சோனி அதை விற்றது. விளையாட வாங்கியவர் வீட்டில் புளூ-ரே பிளேயரும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது, 98 டாலருக்கு விற்றால் வேறு எந்தக் கம்பெனி அந்தப் பிளேயரைத் தயாரிக்க வரும்? அதிகப்படியான தள்ளுபடி வாடிக்கையாளரை இழுக்கும், கூட்டாளியைத் துரத்தும். புளூ-ரே பக்கம் பல கம்பெனிகள் இருந்தன. எச்டி டிவிடி பக்கம் பெரும்பாலும் தோஷிபா தனியாகவே நின்றது.

மூன்றாவது, கடைக்காரருக்கு இரண்டு பார்மட்டையும் அடுக்க இடம் இல்லை. 2007 இல் பிளாக்பஸ்டர் வாடகைக் கடைகள் பல கிளைகளில் புளூ-ரே மட்டும் வைக்க முடிவு செய்தன. விலையைக் குறைப்பவரும் கடைக்காரர், அலமாரியைக் காலி செய்பவரும் கடைக்காரர். தள்ளுபடி தருகிறாரே என்பதற்காக அவர் அந்தப் பொருளை நம்புகிறார் என்று அர்த்தமில்லை.

பிறகு என்ன ஆயிற்று? பெஸ்ட் பை கடை, எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்துச் சமாதானம் செய்தது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான எச்டி டிவிடி டிரைவ் 199 டாலரில் தொடங்கியது. கடைசியில் 49.99 டாலருக்கு வந்தது.

மூன்று வகைத் தள்ளுபடி

எல்லாத் தள்ளுபடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மூன்று வகை உண்டு.

1. ஆள் சேர்க்கும் தள்ளுபடி. புதியவர்களைப் பார்மட்டுக்குள் கொண்டுவருவதற்காகத் தருவது. பிளேயர் விலையும் டிஸ்க் விலையும் சேர்ந்து இறங்கும். புதிய டிஸ்க்குகள் தொடர்ந்து வரும். பல கம்பெனிகளின் கருவி ஒரே கடையில் கிடைக்கும். 34 ரூபாய் டிவிடி இந்த வகை.

2. எண்ணிக்கை காட்டும் தள்ளுபடி. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது இதற்கு உதாரணம். அமெரிக்கச் சண்டையில் இரண்டு அணிகளும் இதைச் செய்தன. இதைக் கணக்காகப் பாருங்கள். இரு பார்மட்டிலும் நூறு நூறு வீடுகள் வாரம் ஒரு டிஸ்க் வாங்குகின்றன. பங்கு பாதிக்குப் பாதி. ஒரு வாரம் ஒரு பார்மட்டுக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று இலவசம். அது 200 டிஸ்க், மற்றது 100. பங்கு 67 சதவீதம் என்று தலைப்புச் செய்தி வரும். ஆனால் வீடுகளின் எண்ணிக்கை அதே நூறுதான். அடுத்த வாரம் அவர்கள் ஒன்றும் வாங்காமல் இருக்கவும் கூடும்.

3. கடை காலி செய்யும் தள்ளுபடி. விலை திடீரென்று பாதிக்கும் கீழே விழும். புதிய மாடல் வராது. இருப்பு உள்ளவரை என்று எழுதியிருக்கும். 49.99 டாலர் டிரைவ் இந்த வகை.

ஒரு பொருள் எந்த வகையில் இருக்கிறது என்று தெரியாமல் வாங்கினால், லாபம் என்று நினைத்தது பின்னால் நஷ்டமாகும். அந்த நஷ்டம் எப்போதும் பணமாகவே இருக்காது.

பூஞ்சேரி வீட்டுக் கல்யாண சிடி

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் என் அத்தை இருக்கிறார். அத்தை மகளின் கல்யாணம் 2006 இல் திருக்கழுக்குன்றத்தில் நடந்தது. வீடியோ எடுத்தவர் விசிடியா, டிவிடியா என்று கேட்டிருக்கிறார். டிவிடிக்கு விலை அதிகம். அத்தை வீட்டில் அந்தத் தீபாவளிக்குத்தான் தள்ளுபடியில் ஒரு விசிடி பிளேயர் வாங்கியிருந்தார்கள், பத்துப் பட விசிடிகள் இலவசம் என்று. வீட்டில் ஓடுவது எதுவோ அதைத்தானே கேட்பார்கள்? மூன்று விசிடிகளாக வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அது சரியான முடிவுதான்.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோ கேமராக்கள் மினி டிவி டேப்பில் பதிபவை. டேப்பில் படம் 720 x 576 அளவில் இருக்கும். அதை விசிடியாக மாற்றும்போது நான்கில் மூன்று பங்குப் புள்ளிகள் போய்விடும். டேப் விலை அதிகம் என்பதால் வேலை முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிந்துவிடுவது வழக்கம். ஆக மூலமும் இல்லை.

அந்த மூன்றாவது டிஸ்க்கின் கடைசியில் எங்கள் தாத்தா மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்திப் பேசுகிறார். நான்கு நிமிடம் இருக்கும். தாத்தா பேசிப் பதிந்தது வேறு எங்கும் இல்லை. இரண்டு வருடங்களில் அவர் காலமாகிவிட்டார்.

இந்த வருடம் அத்தை புதிதாக லேப்டாப் வாங்கினார். "ஏம்பா, தாத்தா பேசறதை இதுல பார்க்க முடியுமா?" என்றுதான் முதலில் கேட்டார். விசிடி பிளேயர் எப்போதோ பழுதாகிவிட்டது. நான் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு டிஸ்க்கும் வந்தன. மூன்றாவது நடுவில் நின்றுவிட்டது. பரனூரில் நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்து அறைவாசியிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று இருந்தது. அதிலிருந்த டிரைவ் அந்தப் பகுதியைப் படித்துக் கொடுத்தது.

43 அங்குல டிவியில் போட்டுப் பார்த்தோம். முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் குரல் கணீரென்று இருக்கிறது. காரணம், விசிடியில் ஒலிக்கு மட்டும் நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வினாடிக்கு 224 கிலோபிட். அத்தை கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார்.

பிளேயருக்குக் கிடைத்த தள்ளுபடி, அந்தக் கல்யாணம் எந்தப் பார்மட்டில் மிஞ்ச வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டது. தள்ளுபடி விஷயத்தில் நான் இவ்வளவு கணக்குப் பார்ப்பது இதனால்தான்.

உங்கள் வீட்டு டிஸ்க்குகளைக் காப்பாற்றுங்கள்

எழுதும் சிடி, டிவிடிகளில் தகவல் ஒரு சாய அடுக்கில் பதிந்திருக்கிறது. வெயில், சூடு, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் தள்ளிப் போடாமல் செய்யுங்கள். அதிலும் விசிடியை முதலில் எடுங்கள். வீடியோவுக்கு அதிக இடம் வேண்டும் என்பதற்காக விசிடியில் பிழை திருத்தும் தகவலின் ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். கீறல் விழுந்தால் அது சீக்கிரம் பாதிக்கப்படும்.

1. யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இணையுங்கள். சொந்தமாக வாங்க வேண்டும் என்பதில்லை, நண்பரிடம் ஒரு நாள் கடன் வாங்கினால் போதும்.

2. டிஸ்க்கை மென்மையான துணியால் துடையுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

3. விசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற போல்டரைத் திறங்கள். டேட் என்று முடியும் பெரிய பைல்கள் இருக்கும். அவற்றை ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள்.

4. டிவிடி என்றால் வீடியோ டிஎஸ் என்ற போல்டரை அப்படியே முழுவதுமாகக் காப்பி செய்யுங்கள். உள்ளே இருக்கும் விஓபி பைல்களில்தான் படம் இருக்கிறது.

5. விஎல்சி என்ற இலவச பிளேயரை நிறுவுங்கள். இரண்டு வகை பைல்களையும் அது ஓட்டும். கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்த பிறகே டிஸ்க்கைப் பெட்டியில் வையுங்கள்.

6. மொபைலில் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாப்ட்வேரில் எம்பி4 ஆக மாற்றுங்கள். மாற்றினால் தெளிவு கூடாது. அதனால் முதலில் எடுத்த பைலை அழிக்காதீர்கள்.

7. காப்பி நடுவில் நின்றால் வேறு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படிக்கும்.

8. இரண்டு பிரதிகள், இரண்டு இடங்களில். ஒன்று கம்ப்யூட்டரில், மற்றொன்று தனி ஹார்ட் டிஸ்க்கில். முடிந்தால் அந்த ஹார்ட் டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும்.

இது உங்கள் குடும்ப வீடியோக்களுக்கான வழி. கடையில் வாங்கிய படங்களுக்குக் காப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஜெயித்தவருக்கு என்ன ஆயிற்று?

விசிடியை வென்ற டிவிடியும் நிலைக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சில மாதங்களுக்கு இன்டர்நெட் டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. 34 ரூபாயை வெல்ல அதை விடப் பெரிய தள்ளுபடி வேண்டுமா? படம் பார்க்கும் பழக்கம் டிஸ்க்கை விட்டு மொபைலுக்குப் போனது. மோசர் பேயர் 2017 இல் திவால் நடவடிக்கைக்குள் போய், 2018 இல் கலைப்புக்கு உத்தரவானது. எச்டி டிவிடியை வென்ற புளூ-ரேயில், எழுதும் டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

ஆகவே எந்தப் பார்மட்டும் நிரந்தரம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். அடுத்த முறை பெரிய தள்ளுபடி அறிவிப்பைப் பார்க்கும்போது, அது டிஸ்க்காக இருந்தாலும், மெமரி கார்டாக இருந்தாலும், ஒரு வருடச் சந்தா பாதி விலை என்று வரும் கிளவுட் சேமிப்பாக இருந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, தள்ளுபடி கருவிக்கா, அதற்குப் பிறகு தொடர்ந்து வாங்கப் போகும் பொருளுக்கா? இரண்டு, போட்டிப் பொருளுக்கும் இதற்கும் உண்மையான இடைவெளி எவ்வளவு? மூன்று, என்னிடம் ஏற்கெனவே இருப்பதை இது ஓட்டுமா? நான்கு, இதை எத்தனை கம்பெனிகள் தயாரிக்கின்றன? ஐந்து, நாளைக்கு இது நின்றுபோனால் என் பைல்களை வெளியே எடுக்க வழி இருக்கிறதா?

முதல் நான்குக்கும் பதில் சுமாராக இருந்தால் கூடப் பரவாயில்லை, விலைக்காக வாங்கலாம். ஐந்தாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் குடும்ப வீடியோவை அதில் வைக்காதீர்கள்.